நில்டா பார்க்காத பக்கம்

சாந்தா ரூஃபினா தெருவின் இரண்டு முனையிலும் கான்கிரீட் பூத்தொட்டிகளை இறக்கி வைத்துவிட்டு லாரி போன மறுநாள், நில்டா உவார்க்காயா வழக்கம்போல ஏழு மணிக்கே தன் மூலைக்கு வந்து நின்றாள். கையில் நோட்டு, காதில் பென்சில், இடது மணிக்கட்டில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கடிகாரம். எல்லாம் இருந்தது. பஸ்தான் இல்லை. இனி வராது என்றும் அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகச் சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். தெரிந்துதான் வந்தாள். வேறு எங்கே போவாள்?

அவள் பார்த்த வேலை நேரம் சொல்வது. அப்படியும் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் லிமாவில் கொம்பி ஓட்டிப் பார்த்ததில்லை. கொம்பி என்றால் பதினைந்து பேர் உட்காரும் இடத்தில் முப்பது பேரை அடைத்துக்கொண்டு ஓடும் சின்ன பஸ். டிரைவருக்குச் சம்பளம் கிடையாது, ஏறுகிற ஆள்தான் சம்பளம். முன்னால் போன வண்டி இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் போனது என்றால், அவன் நிறுத்தங்களை வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருப்பான். மெதுவாக உருட்ட வேண்டும். எட்டு நிமிடம் ஆகிவிட்டதென்றால் கூட்டம் காத்திருக்கும். பின்னால் வருகிறவன் பிடிப்பதற்குள் மிதிக்க வேண்டும். முன்னால் போனவன் எப்போது போனான், நிறைந்து போனானா, காலியாகப் போனானா என்று மூலையில் நின்று சொல்பவள் நில்டா. வண்டி நிற்காது. வேகம் குறைகிற அந்த மூன்று விநாடிக்குள் சொல்லியாக வேண்டும்.

“நாலு! நிறைஞ்சு போறான்!”

ஜன்னல் வழியாக ஒரு கை நீளும், ஒரு காசு விழும், வண்டி போய்விடும். பத்தொன்பது வருடமாக இதுதான். இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு நிமிடத்தைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. பெரிய அரிச்சந்திரி என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை தப்பாகச் சொன்னால் அடுத்த தடவை ஜன்னல் திறக்காது, அவ்வளவுதான். ஆனால் பிழைப்புக்காகப் பிடித்த பழக்கம் நாளாக ஆகத் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆயகூச்சோ மலையிலிருந்து பதினாலு வயதில் லிமாவுக்கு வந்தவளுக்கு இந்த ஊரில் சொந்தமாக இருந்தது அவள் சொல்லும் நம்பர் ஒன்றுதான்.

அதற்கு முன்னால் ஆறு வருடம் அவள் அபெலார்டோவின் வண்டியில் கண்டக்டர். கதவில் தொங்கிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கத்துவாள். ஒருநாள் வழுக்கி விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. அப்போது அபெலார்டோதான் அவளைச் சாந்தா ரூஃபினா மூலையில் கொண்டுவந்து நிறுத்தி, மற்ற டிரைவர்களிடம், “இனிமே இவ சொல்றதுதான் நேரம்” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றைக்கும் அவரை அவள் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள்.

தெருவை மூடிய பிறகு அவளுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. நாள் முழுக்க நின்றே பிழைத்தவள், நிற்க முடியாமல் தவித்தாள். பெஞ்சு போட்டார்கள், தரையில் மஞ்சளும் நீலமுமாகச் சாயம் பூசினார்கள், யாரோ ஒருவன் சாக்ஸபோன் ஊதினான். நில்டா பெஞ்சில் உட்காருவாள், உடனே எழுந்துவிடுவாள். வீட்டில் கெட்டில் கொதிக்கிற நேரத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரி குப்பை போடப் போய்த் திரும்புவதைப் பார்த்து, “ஆறு நிமிஷம், காலியா வர்றா” என்று வாய்விட்டுச் சொன்னாள். உட்கார்ந்தால் முழங்கால் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது.

பஸ்களையெல்லாம் மால்வாஸ் சாலைப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். நில்டாவுக்கு எதிர் நடைபாதையில் நின்று, எதிர்த் திசையில் போகும் வண்டிகளுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்த பெர்மின் என்பவன், தொட்டிகள் வருவதற்கு முதல் நாளே அங்கே போய் இடம் பிடித்துவிட்டான். அவனிடம் போய்க் கேட்டாள்.

“பெர்மின், ஒரு பக்கத்தை எனக்கு விடு. இங்க நாம அப்படித்தானே இருந்தோம்? உன் பக்கம் நீ, என் பக்கம் நான்.”

“அது அங்க. இங்க ரெண்டு பக்கமும் எனக்குத்தான்.” கழுத்தில் தொங்கிய விசிலைக் காட்டினான். “அந்தப் பக்கத்துக்கு ஒரு விசில், இந்தப் பக்கத்துக்கு ரெண்டு. நீ பூந்தொட்டிக்கு டைம் சொல்லு, போ.”

மூன்றாவது வாரம் ஃபியோரெல்லா என்ற இஞ்சினியர் வந்தாள். தெருவை மூடும் திட்டமே அவளுடையதுதான். அறுபது நாள் சோதனை. அதற்குள் ஜனங்கள் நடந்து வருகிறார்கள் என்று காட்டினால் தெரு நிரந்தரமாக மூடப்படும், இல்லாவிட்டால் பூத்தொட்டியைத் தூக்கிவிட்டு பஸ்ஸை உள்ளே விடுவார்கள். கமிட்டி ஒரு நம்பர் சொல்லியிருந்தது: மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சராசரி நாலாயிரம் பேர். அவளுக்கு எண்ணுவதற்கு ஆள் வேண்டும். நோட்டும் பென்சிலுமாகத் தூறலில் நின்றிருந்த நில்டாவை அவள் பார்த்தாள்.

“செனோரா, என்ன எழுதுறீங்க?”

“ஒண்ணும் இல்ல இஞ்சினியர். எழுத ஒண்ணும் வரல.”

ஃபியோரெல்லா விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அவள் பெற்ற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பத்தொன்பது வருடம் இதே மூலையில் நின்று கணக்கு வைத்தவளைவிட யார் கிடைப்பார்கள்? பஸ் திரும்பி வந்தால் யாருக்கு லாபம் என்று யோசிக்க அந்தப் பெண்ணுக்குத் தோன்றவில்லை. படித்தவர்களுக்குச் சில விஷயம் லேட்டாகத்தான் எட்டும். பச்சை நிறக் கோட்டு ஒன்றும், கட்டைவிரலால் அமுக்கும் எண்ணும் கருவி ஒன்றும் கொடுத்தாள். மருந்துக் கடையிலிருந்து செருப்புக் கடை வரை தெருவின் குறுக்கே வெள்ளைக் கோடு போட்டாள்.

“இந்தக் கோட்டைத் தாண்டுற ஒவ்வொருத்தருக்கும் ஒரு அமுக்கு.”

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும். நாயை மட்டும் விட்டுடுங்க.”

நில்டா தன் பழைய இடத்தில் நின்றாள். முகம், தெருவின் ஒரு முனையில் இருந்த ஆற்றுப் பக்கம். பஸ் அங்கிருந்துதானே வரும். எண்ணினாள். முதல் நாளே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். நாலாயிரத்துக்குக் கீழே வந்தால் தன் மூலை திரும்பக் கிடைக்கும், மேலே போனால் போனதுதான். ஒரு குடும்பம் ஐந்து பேராக வரும்போது மூன்று அமுக்கினால் எந்தப் பிசாசு வந்து கேட்கப்போகிறது? கட்டைவிரல் தயங்கத்தான் செய்தது. ஆனாலும் ஐந்தையும் அமுக்கினாள், இடுப்பிலிருந்த கைக்குழந்தையையும் சேர்த்து. ஆறு நாளும் அப்படித்தான். கடைசி நாள் சாயங்காலம் அவள் தாள்களைக் கொடுத்தாள். சராசரி இரண்டாயிரத்து முந்நூற்று எட்டு.

இஞ்சினியர் முகம் சுருங்கிப்போனது. “இவ்வளவுதானா?” என்று இரண்டு தடவை கேட்டாள்.

“இவ்வளவுதான் இஞ்சினியர். குழந்தைகூட விடல.”

“சரி. திங்கட்கிழமை மத்தியானம் கமிட்டிக்குக் குடுத்துடறேன்.”

செய்தி அன்றைக்கே மால்வாஸ் சாலைக்குப் போய்விட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை அபெலார்டோ வண்டியைத் திருப்பத்தில் நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். கையில் காகிதப் பை, உள்ளே பொரித்த பன்றி இறைச்சி வைத்த ரொட்டி, சூடு ஆறாமல்.

“சாப்பிடு! எங்க எல்லாரோட செலவு. நில்டா அத்தை கலக்கிட்டாங்கன்னு பசங்க ஹாரன் அடிச்சே ஊரைக் கூட்டுறானுங்க.”

“எதுக்கு மாஸ்டர்?”

“எதுக்கா? குறைச்சது குறைச்சே, அளவாக் குறைச்சே பாரு, அங்கதான் நீ நிக்கிறே. ஆயிரம்னு போட்டிருந்தா சந்தேகம் வந்திருக்கும். ரெண்டாயிரத்து முந்நூத்தி எட்டு! அந்த எட்டு இருக்கே, ஆகா!”

“நான் குறைக்கல.”

“ஆமா, நீ குறைக்கல. ஜெயில்ல கம்பி எண்ணுறவன்கூட அப்படித்தான் சொல்வான்.” கண்ணடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

நில்டா ரொட்டியைத் தொடாமல் பையோடு பெஞ்சில் வைத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பொய் சொன்னதற்காக ஒருவர் விருந்து வைக்கிறார், அதுவும் ‘இவ சொல்றதுதான் நேரம்’ என்று ஊருக்குச் சொன்ன அதே மனுஷன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெஞ்சுக்கும் வெள்ளைக் கோட்டுக்குமாக நாலு தடவை நடந்துவிட்டு, மூலிகைக் கஷாயம் விற்கும் தோமித்திலாவின் தள்ளுவண்டிக்குப் போனாள். தெரு மூடியதில் தோமித்திலாவுக்குக் கொண்டாட்டம். முன்பு பஸ் புகையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள், இப்போது கிளாஸ் கழுவ நேரமில்லாமல் நின்றாள்.

“ஏம்மா நில்டா, ரெண்டாயிரமா? உனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? நான் ஒருத்தியே தண்ணி எடுக்க அந்தக் கோட்டை ஒரு மத்தியானத்துக்கு இருபது தடவை தாண்டுறேன்.”

“உன்னையும்தான் போட்டேன். பத்துத் தடவை.”

“பத்தா? போறதுக்குப் பத்து, வர்றதுக்குப் பத்து.”

“வாளியோட வர்றப்போ போட்டேன்.”

“போறப்போ?”

“போறப்போ நீ எதிர்ப்பக்கம்.”

“எதிர்ப்பக்கம்னா?”

“பெர்மின் பக்கம்.”

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. தோமித்திலா கரண்டியைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். நில்டா மெல்லத் திரும்பி, தெருவின் மறுமுனையில் இருந்த பிளாசா சதுக்கத்தின் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து ஆற்றுப் பக்கமாக ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள்: கோப்புகளை மார்போடு அணைத்த வக்கீல் குமாஸ்தாக்கள், பள்ளிக்கூடப் பெண்கள், பலூன்காரன், ஊன்றுகோல் வைத்த ஒரு கிழவர். ஆறு நாளும் இவர்கள் இப்படித்தான் அவள் முதுகுப் பக்கமாக வந்து தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவரைக்கூட அவள் எண்ணவில்லை. மறைக்க நினைத்து அல்ல. எதிர்த் திசையில் போகும் வண்டி இன்னொருத்தன் சோறு, அதில் கண் வைக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பத்தொன்பது வருடத்தில் அவள் கழுத்தே அந்தப் பக்கம் திரும்ப மறந்திருந்தது. பெர்மின் போன பிறகும் அவன் பக்கத்தை அவனுக்கே விட்டு வைத்திருந்தாள், மடச்சி.

“யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள் தோமித்திலாவிடம்.

“நியாயமாப் பாத்தா நானே போய்ச் சொல்லணும். தெரு திறந்தா நாசமாப் போறது நான்தான். ஆனா உன் வாய்ச் சோத்தை நான் பிடுங்க மாட்டேன். நீயாச்சு, உன் நோட்டாச்சு.”

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நில்டா பட்ட பாடு கொஞ்சமில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். திங்கட்கிழமை கமிட்டி, ஒரு வாரத்தில் லாரி, பூத்தொட்டி போகும், நாற்பத்தெட்டாம் நம்பர் வண்டி ஆற்றுப் பக்கமிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வரும். அவள் எதையும் செய்ய வேண்டியதில்லை, செய்யாமல் இருந்தால் போதும். அதுதான் முடியவில்லை. குன்றின் மேல் இருக்கும் தன் வீட்டுக்கு நூற்றுப் பதினாறு படி. உப்பு வாங்க இறங்கினாள், உப்பில்லாமல் ஏறினாள், மறுபடி இறங்கினாள். எங்கே போனாலும் அந்த எட்டு கூடவே வந்தது. ‘அந்த எட்டு இருக்கே, ஆகா!’ தப்பான ஒரு நம்பர் தன் பெயரில் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு, சட்டைக்குள் எறும்பு புகுந்ததுபோல அவளை உட்கார விடவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் கதவு திறக்கும்போது அவள் வாசலில் நின்றாள்.

“ஒரு பக்கம்தான் எண்ணினேன் இஞ்சினியர். வர்றவங்களை மட்டும். போறவங்களைப் பார்க்கவே இல்ல.”

ஃபியோரெல்லா தலையில் கை வைத்தாள். “ஆறு நாள் செனோரா! ஆறு நாளும் நான் ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கணும். என் தப்புதான்.” பிறகு நில்டாவை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ இப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். “இருங்க. நீங்க பஸ் ஆளு. தெரு மூடினா உங்க வேலை போயிடும். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே?”

“இருந்து பாத்தேன். ரெண்டு நாளாச் சாப்பாடு இறங்கல.”

கமிட்டியை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லி ஃபியோரெல்லா யாருக்கோ போன் செய்தாள். நாளைக்கு ஒரு நாள், இரண்டு திசையும், திரும்ப எண்ண வேண்டும். “வேற ஆள் போடறேன், நீங்க வேண்டாம். உங்களுக்குச் சங்கடம்,” என்றாள் தணிந்த குரலில்.

“என் மூலையில வேற ஆள் எண்ணக் கூடாது,” என்றாள் நில்டா.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவள் ஆற்றுப் பக்கமும் பார்க்காமல், பிளாசா பக்கமும் பார்க்காமல், மருந்துக் கடைச் சுவரில் முதுகை வைத்துக் கோட்டை மட்டும் பார்த்தபடி நின்றாள். இரண்டு பக்கமிருந்தும் கால்கள் வந்தன. ஒரு மணிக்குள் ஆயிரத்து அறுநூறு தாண்டிவிட்டது. ஒன்றேகால் மணிக்கு அபெலார்டோ வந்தார். இந்தத் தடவை கையில் பை இல்லை.

“உண்மையா நில்டா? நீயாப் போய்ச் சொன்னியா?”

“ஆமா மாஸ்டர்.”

அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். கோபம் வந்தால் அவருக்கு நின்று பேச வராது. ஸ்டியரிங் முன்னால் நாற்பது வருடம் உட்கார்ந்தவர், கால் கிடைத்ததும் நடக்க ஆரம்பித்தார். கோட்டைத் தாண்டிப் போனார். “உன்னை இந்த மூலையில நிறுத்தினது யாரு?” தாண்டி வந்தார். “மால்வாஸ் சாலையில ஒரு ட்ரிப்புக்கு இருபது நிமிஷம் தின்னுது, தெரியுமா உனக்கு?” திரும்பவும் போனார். “முப்பது குடும்பம்டி! முப்பது குடும்பம்!” திரும்பவும் வந்தார். ஒவ்வொரு தடவையும் நில்டாவின் கட்டைவிரல் அசைந்தது. ஐந்தாவது தடவை அந்தச் சத்தம் அவர் காதில் விழுந்தது.

“ஏய், நீ என்னையுமா எண்ணுறே?”

“தாண்டினீங்கல்ல.”

“நான் திட்ட வந்தவன்! நடக்க வந்தவன் இல்ல!”

“எதுக்கு வந்தீங்கன்னு அதுல எழுத இடம் இல்ல மாஸ்டர்.”

மருந்துக் கடைக்காரி சிரித்துவிட்டாள். அபெலார்டோ ஒற்றைக் காலைத் தூக்கியபடி கோட்டருகே நின்றார். தாண்டினாலும் ஒன்று ஏறும், தாண்டினால்தான் வண்டிக்கும் போக முடியும். நல்ல கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டுத் தாண்டினார். நில்டா அமுக்கினாள். அவர் போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்காமல் எண்ணினாள்.

மூன்று மணிக்கு நாலாயிரத்து அறுநூற்று எழுபத்தொன்று. அதில் ஆறு அபெலார்டோ.

புதன்கிழமை கமிட்டி முடிவு செய்தது. அடுத்த வாரம் ஆட்கள் வந்து பூத்தொட்டிகளைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். நில்டா பச்சைக் கோட்டை மடித்து ஃபியோரெல்லாவிடம் திருப்பிக் கொடுத்தாள். வேறு வேலை ஏதாவது பார்க்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னாள், மனதாரத்தான் சொன்னாள். தோமித்திலா ஒரு கிளாஸ் கஷாயம் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்தாள். அன்றைக்குப் பெருமைப்பட நில்டாவிடம் எதுவும் இல்லை. மூலை போய்விட்டது, மாஸ்டரும் போய்விட்டார். வீட்டுக்குப் போக அவள் மால்வாஸ் சாலை நிறுத்தத்துக்கு நடந்தாள்.

அங்கே கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். நோட்டு பையில் கிடந்தது. பெர்மின் விசிலோடு இங்குமங்கும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான். ஒரு நாற்பத்தெட்டு வந்தது, போனது. தெரியாமலே அவள் கண் மணிக்கட்டுக்குப் போனது. அடுத்த நாற்பத்தெட்டு வளைவில் திரும்பும்போதே வண்டியின் முன்பக்க நசுங்கலை வைத்து அது அபெலார்டோ என்று தெரிந்துகொண்டாள். வேறு பக்கம் பார்த்தாள்.

“ஏழு!” என்று கத்தினான் பெர்மின். “ஏழு ஆச்சு, மிதி!” எதிர்ப்பக்க வண்டிக்கு விசில் அடித்துக்கொண்டிருந்ததில், முன்னால் போன வண்டியை அவன் சரியாகப் பார்க்கவில்லை.

அபெலார்டோ காசு கொடுக்கவில்லை. வண்டியை முழுசாகவே நிறுத்தினார். பின்னால் ஹாரன்கள் அலறின. ஜன்னல் வழியாகப் பெர்மினின் தலைக்கு மேலே கூட்டத்தைப் பார்த்தார்.

“நில்டா.”

அவள் நிமிர்ந்தாள்.

“உன் மேல கோவம் போகல. போகவும் போகாது.” தாடையைச் சொறிந்தார். “எவ்வளவு?”

“மூணு,” என்றாள் நில்டா. “நிறைஞ்சு போறான்.”

அபெலார்டோ வண்டியைக் கிளப்பினார். வண்டி மெதுவாக, மிக மெதுவாக உருண்டு போனது.

பெர்மின் விசிலைத் துப்பினான். “பின்னால வர்ற ஒவ்வொருத்தனும் இனிமே இவகிட்டதான் கேப்பான்,” என்று தனக்குள் முணுமுணுத்தான். பிறகு நில்டாவைப் பார்க்காமல், பின்கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“எதிர்ப்பக்கத்தை நீ எடுத்துக்கோ. ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்து வலி.”

நில்டா பையிலிருந்து நோட்டை எடுத்தாள். பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள்.